500 சொல் மனப்பாடம், நேர்முகத்தில் ஒரு வசனமும் வரவில்லை: கனடா போக நினைக்கும் லொறிச் சாரதிக்கு

கொடிகாமத்திலிருந்து ஒரு சாரதி எழுதியிருக்கிறார். வயது 34. 11 வருடமாகக் கனரக வாகனம் ஓட்டுகிறார். யாழ்ப்பாணத்து வெங்காயம் தம்புள்ளைக்கு, அங்கிருந்து மரக்கறி திரும்ப இங்கே, இடையிடையே கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொன்டைனர் என்று ஏ9 வீதியிலேயே பாதி வாழ்க்கை. ஒன்ராறியோவில் இருக்கும் மைத்துனர் சொல்லி, அங்கே ட்ரக் ஓட்டப் போகலாம் என்று யோசிக்கிறார். அதற்காகச் சாரதிகளுக்கான 500 ஆங்கிலச் சொற்கள் அடங்கிய ஒரு பிரதியை வாங்கி, அகரவரிசையில் மனப்பாடம் செய்திருக்கிறார். பிறகு நடந்த வீடியோ நேர்முகத்தில், “வண்டியை எடுக்க முன்னம் எதெதைப் பார்ப்பீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். சொற்கள் எல்லாம் தெரிந்தவை. வாயில் ஒரு வசனமும் வரவில்லை. “ஆங்கிலம் பெரிய விடயமில்லை, ஸ்ரேரிங் பிடிக்கத் தெரிந்தால் போதும், 25 இலட்சம் கட்டுங்கள்” என்கிறாராம் ஏஜென்சிக்காரர். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டலாமா, இங்கத்தைய கனரக அனுமதிப்பத்திரம் அங்கே செல்லுமா, ஐ.ஈ.எல்.ரி.எஸ் வகுப்புக்குப் போக வேண்டுமா, உண்மையில் எந்தச் சொற்களைப் படிக்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, காசு இன்னும் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். ஒன்ராறியோச் சட்டப்படி, வெளிநாட்டுத் தொழிலாளரிடம் ஆள்சேர்ப்புக்கென்று கட்டணம் வாங்க முகவருக்கோ முதலாளிக்கோ உரிமையில்லை. மெய்யான வேலைக் கடிதம் என்றால் நிறுவனத்தின் பெயர், வேலை செய்யும் இடம், மணிக்கூலி அல்லது மைல் கூலி, வேலை நேரம் எல்லாம் எழுத்தில் இருக்கும். ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியாகும் உரிமம் இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். “விசிட் விசாவில் போய் அங்கே வேலையில் சேரலாம்” என்று யாராவது சொன்னால் அந்தக் கதையை அத்தோடு நிறுத்திவிடுங்கள். விசிட் விசா, வேலை செய்வதற்கான அனுமதி அல்ல.

அனுமதிப்பத்திர விடயத்தில் நீங்கள் நினைத்திருப்பது பிழை. இலங்கைக் கனரக அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்து ஒன்ராறியோவின் கனரக அனுமதிப்பத்திரத்தை மாற்றி எடுக்க முடியாது. முதலில் கார் வகுப்பான ‘ஜி’ முழு அனுமதி. அதன் பிறகுதான் ரெயிலர் இழுப்பதற்கான ‘ஏ’ வகுப்பு. காற்றழுத்தத்தால் இயங்கும் எயார் பிறேக்குக்கு ‘இசட்’ என்ற மேலொப்பம், அதாவது அனுமதிப்பத்திரத்தில் சேர்க்கும் கூடுதல் அனுமதி, தனி. 2017 ஜூலை 1 முதல் ‘ஏ’ வகுப்புச் சோதனைக்குப் போகிறவர் 103.5 மணிநேரக் கட்டாயப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியில் ஆசிரியர் சொல்வதும் கையேட்டில் இருப்பதும் ஆங்கிலம். ஸ்ரேரிங்கில் உங்கள் 11 வருட அனுபவம் கட்டாயம் கைகொடுக்கும். ஆனால் அதைக் காட்டுகிற இடத்துக்கு வந்து சேரவே ஆங்கிலம் வேண்டும். ஏஜென்சிக்காரர் சொன்னது இந்த இடத்தில்தான் ஆபத்தான பொய்.

அமெரிக்க எல்லை கடந்து ஓடும் வேலை என்றால் இன்னும் இறுக்கம். பொதுமக்களோடு கதைக்கவும், வீதிப் பலகைகளை விளங்கவும், அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்லவும், பதிவேடு எழுதவும் போதிய ஆங்கிலம் வேண்டும் என்ற விதி அங்கே நெடுநாளாக இருக்கிறது. 2025 ஜூன் 25 முதல், அது இல்லாத சாரதியை அந்த இடத்திலேயே ஓட்டத்திலிருந்து நிறுத்துகிறார்கள். அந்தச் சோதனையில் தொலைபேசி மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டித் தப்ப முடியாது.

அகரவரிசையை விடுங்கள், லொறியைச் சுற்றி நடவுங்கள்

நேர்முகத்தில் வாயடைத்துப் போனதற்கு உங்கள் ஞாபகசக்தி காரணமில்லை. சில்லுகளைத் தாங்கும் அச்சான ‘ஆக்சில்’ என்ற சொல்லை ‘அன்ரெனா’வுக்குப் பக்கத்தில் படித்திருக்கிறீர்கள். வேலையில் அவை இரண்டும் பக்கத்தில் வருவதில்லை. ‘ஆக்சில்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வருவது சில்லின் நடுப்பகுதியான ஹப், எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வீல் சீல், ஒழுகும் எண்ணெய். வேலை எந்த ஒழுங்கில் நடக்கிறதோ, சொல்லும் அந்த ஒழுங்கில் மூளைக்குள் போக வேண்டும்.

அதற்கு இரண்டு சிறு பட்டியல் போதும். ஒன்று உறுப்புகள், ஒரு 40 வரை. மற்றது பழுதைச் சொல்லும் 12 சொற்கள்: லூஸ் என்றால் தளர்ந்திருக்கிறது, மிஸிங் காணவில்லை, கிராக்ட் வெடித்திருக்கிறது, பென்ற் வளைந்திருக்கிறது, லீக்கிங் ஒழுகுகிறது, வோர்ன் தேய்ந்துவிட்டது, ஃபிளாற் காற்றில்லை, லோ அளவு குறைவு, கட் வெட்டுப்பட்டிருக்கிறது, ஃப்ரேய்ட் நார்நாராகப் பிரிந்திருக்கிறது, டேமேஜ்ட் சேதம், நொட் வேர்க்கிங் வேலை செய்யவில்லை. இந்த 12ஐயும் 40 உறுப்புகளோடு மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஒரு சாரதி முறைப்பாட்டுத் தாளில் எழுத வேண்டிய அநேக வசனங்கள் கிடைத்துவிடும்.

வசன அமைப்பும் ஒன்றே ஒன்று: எந்தப் பக்கம், முன்னா பின்னா, எந்த உறுப்பு, என்ன நிலை. “த லெஃப்ற் றியர் இன்சைட் ரயர் இஸ் ஃபிளாற்.” இடது பின் உள் ரயரில் காற்றில்லை. “த றைற் ஹெட்லைற் இஸ் நொட் வேர்க்கிங்.” “வன் லக் நட் இஸ் மிஸிங்.” சில்லை இறுக்கும் நட் ஒன்றைக் காணவில்லை. இலக்கணத்தில் இதற்கு மேல் இப்போது வேண்டாம். இதைத் தடங்கலில்லாமல் சொல்லிப் பழகுங்கள்.

இதில் இங்கத்தைய சாரதிகள் விழும் குழி ஒன்று உண்டு. “ட்ரைவர் சைட்” என்று சொல்லிப் பழகிய உங்களுக்கு அது வலப்பக்கம். அங்கே ஸ்ரேரிங் இடது பக்கம், ஓடுவது வீதியின் வலது பக்கம். ஆகவே “ட்ரைவர் சைட் ரயர்” என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் இடது ரயரைக் கழற்றுவார். பழகும் மட்டும் லெஃப்ற், றைற் என்றே சொல்லுங்கள். பின்னுக்கு எடுக்கும்போது கண்ணுக்குப் படாத பக்கத்தை ‘பிளைண்ட் சைட்’ என்பார்கள். உங்களுக்கு இங்கே அது இடம், அங்கே வலம்.

சுற்றும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதலில் என்ஜின் மூடி. நாங்கள் பொனற் என்பது அங்கே ‘ஹூட்’. திறந்து எண்ணெய், கூலன்ற், பெல்ற், ஹோஸ். பிறகு முன் ரயர். அதை ‘ஸ்ரியர் ரயர்’ என்பார்கள். அமெரிக்க விதியில் அதன் பூ குறைந்தது ஒரு அங்குலத்தில் 32இல் 4 பங்கு ஆழம் இருக்க வேண்டும். மற்ற ரயர்களுக்கு 2 பங்கு. பிறகு டீசல் தாங்கி. அதன் பக்கத்தில் நீல மூடியோடு இன்னொரு தாங்கி இருக்கும். அது ‘டெஃப்’, புகையைச் சுத்தம் செய்யும் திரவம். அட்புளூ என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் தவறி டீசல் தாங்கிக்குள் ஊற்றிவிட்டால் என்ஜினை ஸ்ரார்ற் பண்ணவே கூடாது. பண்ணினால் பம்பும் இன்ஜெக்டரும் போய்விடும். உடனே அழைத்து “ஐ புற் டெஃப் இன் த டீசல் ராங்க். த என்ஜின் இஸ் ஓஃப்” என்று சொல்லத் தெரிந்திருப்பது பெரிய செலவொன்றைத் தடுக்கும்.

தலையும் ரெயிலரும் சேரும் இடம்

இங்கே பிரைம் மூவர் என்கிற தலையை அங்கே ‘ட்ரக்டர்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு வயல்தான் நினைவுக்கு வரும். முதல் கிழமைக் குழப்பம் அதனால்தான் அதிகம். தலையின் மேலிருக்கும் வட்டத் தட்டு ‘ஃபிஃப்த் வீல்’. ரெயிலரின் அடியில் தொங்கும் முளை ‘கிங்பின்’. முளையைக் கவ்வுவது ‘ஜோஸ்’. ரெயிலரைத் தாங்கி நிற்கும் இரண்டு கால்கள் ‘லாண்டிங் கியர்’. காற்றுக் குழாய்கள் இரண்டு: நீலம் சேர்விஸ், சிவப்பு எமர்ஜென்சி. அவற்றின் பிடிகளைக் ‘கிளாட் ஹாண்ட்ஸ்’ என்பார்கள்.

பிழை நடப்பது எங்கே என்றால், ரெயிலர் உயரமாக நிற்கும்போது கிங்பின் தட்டின் மேலால் வழுக்கிப் போய்விடும். கொழுவியது போலத் தெரியும். முதல் திருப்பத்தில் ரெயிலர் கழன்று விழும். அதனால்தான் ரோர்ச் அடித்துப் பார்த்துச் சொல்லச் சொல்வார்கள்: “நோ காப். த ஜோஸ் ஆர் குளோஸ்ட் அரவுண்ட் த கிங்பின்.” தட்டுக்கும் ரெயிலருக்கும் இடைவெளி இல்லை, கவ்வி மூடியிருக்கிறது. பிறகு ரெயிலர் பிறேக்கைப் போட்டு மெதுவாக முன்னுக்கு இழுத்துப் பார்ப்பது ‘ரக் ரெஸ்ற்’. அதன் பிறகுதான் லாண்டிங் கியரை முழுவதும் சுற்றி மேலே எடுப்பது.

டாஷ்போர்டில் இரண்டு குமிழ் இருக்கும். மஞ்சள் குமிழ் தலைக்கு, அதுதான் ‘பார்க்கிங் பிறேக்’. சிவப்பு எட்டு மூலையோடு இருக்கும், ரெயிலருக்குக் காற்று கொடுப்பது. இழுத்தால் பிறேக் விழும், தள்ளினால் விடும். ஆசிரியர் “செற் யுவர் பிறேக்ஸ்” என்றால் இழுப்பது, “றிலீஸ்” என்றால் தள்ளுவது. “ஹேண்ட் பிறேக்” என்ற சொல்லை நீங்கள் மறப்பது நல்லது.

எயார் பிறேக் சோதனையில் எண்களோடு சேர்த்துத்தான் சொல் வரும். உங்கள் லொறியில் அளவி காற்றழுத்தத்தைப் பார் கணக்கில் காட்டும், அங்கே பி.எஸ்.ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்ற கணக்கு. 100 பி.எஸ்.ஐ ஏறத்தாழ 7 பார் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும்போது சுமார் 60 பி.எஸ்.ஐயில் ‘லோ எயார் வோர்னிங்’ ஒலியும் விளக்கும் வர வேண்டும். இன்னும் இறக்கினால் 20க்கும் 45க்கும் இடையில் குமிழ்கள் தாமாகவே வெளியே பாயும். காற்றுப் போனால் சுருளின் விசையால் தானாகப் பிடிக்கும் ஸ்பிரிங் பிறேக் விழுந்துவிட்டது. அமெரிக்கக் கையேட்டின்படி தலையும் ரெயிலரும் சேர்ந்த வண்டியில், பிறேக்கை மிதித்துப் பிடித்தபடி ஒரு நிமிடத்தில் 4 பி.எஸ்.ஐக்கு மேல் குறையக் கூடாது. இந்த நாலு வரியையும் செய்கையோடு சேர்த்துச் சொல்லிப் பழகியிருந்தால் அன்றைய நேர்முகக் கேள்விக்குப் பாதிப் பதில் வந்திருக்கும்.

தெரிந்த சொல், வேறு பொருள்

உங்களிடம் ஆங்கிலம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கராஜில் நாள் முழுக்க நீங்கள் கதைப்பதில் பாதி ஆங்கிலம்தான். சிலவற்றை மட்டும் மாற்ற வேண்டும். சைலன்சர் அங்கே மஃப்லர். பெற்றோல் அங்கே காஸ். “ஹயர் போறன்” என்பதற்கு அங்கே “லோட்” அல்லது “ட்ரிப்”. கிளீனர் என்று சொன்னால் கூட்டித் துடைப்பவர் என்றுதான் விளங்குவார்கள். அங்கே சாரதி தனியாகத்தான் போவார்.

இதைவிட முக்கியம் வீதிப் பலகைகள். “டூ நொட் பாஸ்” என்றால் முந்தாதே. இந்த வழியால் போகாதே என்று விளங்கி நடு வீதியில் நின்றுவிடாதீர்கள். ‘யீல்ட்’ என்றால் வழி விடு. ‘டீற்றூவர்’ மாற்றுப் பாதை. ‘சோல்டர்’ வீதியோரம். ‘கிளியரன்ஸ்’ பாலத்தின் கீழ் உயரம். அமெரிக்காவில் அது அடி அங்குலத்தில் இருக்கும். வழக்கமான ரெயிலரின் உயரம் அங்கே 13 அடி 6 அங்குலம். கனடாவில் எல்லை 4.15 மீற்றர். வேகமும் கனடாவில் கிலோமீற்றர், எல்லை தாண்டினால் மைல். ‘கிரேட்’ என்பது சரிவு. ஏ9இன் யாழ்ப்பாணப் பக்கம் முழுவதும் சமதரை என்பதால் இந்தச் சொல் உங்களுக்குப் புதிதாக இருக்கும். கடுகண்ணாவையில் இறங்கியிருந்தால் அந்தப் பயம் தெரியும்: அந்தப் பலகையைப் பார்த்ததும் இறங்கத் தொடங்க முன்னமே கியரைக் குறைக்க வேண்டும். “பிறிட்ஜ் ஐசஸ் பிஃபோ றோட்” என்ற பலகைக்கு எங்கள் ஊரில் ஈடு இல்லை. வீதி காய்ந்திருந்தாலும் பாலத்தின் மேல் பனி உறைந்திருக்கலாம். அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் பாலம் முதலில் உறைந்துவிடும்.

களஞ்சிய வாசலில் ‘ஷிப்பர்’ அனுப்புபவர், ‘றிசீவர்’ பெறுபவர். ‘பில் ஒஃப் லேடிங்’ சரக்குத் தாள். கையெழுத்துப் போட முன்னம் அதிலுள்ள சீல் இலக்கத்தை ரெயிலர் கதவிலுள்ள சீலோடு ஒத்துப் பாருங்கள். ‘ட்ரொப் அண்ட் ஹூக்’ என்றால் கொண்டு போன ரெயிலரை விட்டு வேறொன்றைக் கொழுவுவது. ‘லைவ் லோட்’ என்றால் ஏற்றும் வரை காத்திருப்பது. ‘டிற்றென்ஷன்’ என்று கேட்டுப் பதறாதீர்கள். மறியல் இல்லை, அளவுக்கு மேல் காக்க வைத்ததற்குக் கிடைக்கும் பணம். அதைக் கேட்டு வாங்கச் சொல் தெரிய வேண்டும்: “ஐ அறைவ்ட் அற் எயிற். ஐ நீட் டிற்றென்ஷன் பே.”

எண்களில்தான் நம்மவர்கள் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள். ஃபிஃப்ரீனும் ஃபிஃப்ரியும் தொலைபேசியில் ஒன்றுபோலக் கேட்கும். கதவு இலக்கம் 15 என்றால் “வன் ஃபைவ்” என்று பிரித்துச் சொல்லுங்கள். அவர்கள் சொன்னதையும் அப்படியே பிரித்துத் திருப்பிக் கேளுங்கள். 401 நெடுஞ்சாலையை “ஃபோ ஓ வன்” என்பார்கள். ரெயிலர் இலக்கத்தில் எழுத்து வந்தால் “பி அஸ் இன் போய்” என்பதுபோல ஒரு சொல்லோடு சொல்லுங்கள். பி, டி, வி மூன்றும் வானொலியில் கலந்துவிடும். உச்சரிப்பில் வெள்ளைக்காரன் போலக் கதைக்கப் பாடுபட வேண்டாம். புல் (இழு), ஃபுல் (நிரம்பியது) என்பது போன்ற வித்தியாசம் தெளிவாக வந்தால் போதும்.

அதிகாரி நிறுத்தினால்

கேள்விகள் பெரும்பாலும் இவைதான். “வெயர் ஆர் யூ கமிங் ஃப்ரொம்?” எங்கிருந்து வருகிறீர்கள். “வெயர் ஆர் யூ ஹெடட்?” எங்கே போகிறீர்கள். “வட் ஆர் யூ ஹோலிங்?” என்ன ஏற்றியிருக்கிறீர்கள். “வென் டிட் யூ ஸ்ரார்ற் யுவர் ஷிஃப்ற்?” எத்தனை மணிக்கு வேலை தொடங்கினீர்கள். கேட்பார் என்று எதிர்பார்த்து, ஒவ்வொரு நாளும் அன்றைய பதிலைச் சொல்லிப் பழகுங்கள்.

விளங்காத கேள்விக்கு “யெஸ், யெஸ்” சொல்லாதீர்கள். “நேற்று 16 மணிநேரம் ஓட்டினீர்களா?” என்ற கேள்வியாகவும் அது இருக்கலாம். கனடாவில் ஒரு நாளில் ஓட்டக்கூடியது 13 மணிநேரம். அமெரிக்காவில் 10 மணிநேர ஓய்வுக்குப் பிறகு 11 மணிநேரம். “குட் யூ சே தற் அகெய்ன், ஸ்லோலி, பிளீஸ்?” என்று கேட்பது குற்றமில்லை. இன்னொன்று: “ஓம்” என்பதற்கு நாங்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோம். அவர்களுக்கு அது “இல்லை”. வாயால் சொல்லுங்கள்.

வேலை நேரத்தைப் பதியும் இலத்திரனியல் பதிவேட்டில் நாலு நிலை உண்டு: ட்ரைவிங் (ஓட்டுவது), ஒன் டியூற்றி (ஓட்டாத வேலை), ஓஃப் டியூற்றி (ஓய்வு), ஸ்லீப்பர் பேர்த் (வண்டிப் படுக்கையில் ஓய்வு). சரக்கு ஏற்றும் இறக்கும் நேரமும் வண்டிப் பரிசோதனை நேரமும் ‘ஒன் டியூற்றி’. ஸ்ரேரிங் பிடிக்கவில்லை என்று அதை ஓய்வாகப் பதிவது புதியவர்கள் விடும் பிழை, அபராதத்தில் முடியும்.

எப்படிப் பழகுவது, எவ்வளவு காலம்

காலையில் லொறியை எடுக்க முன்னம் எப்படியும் ஒரு சுற்றுப் பார்க்கிறீர்கள். அந்தச் சுற்றை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். உறுப்பைக் கையால் தொட்டபடி சொல்ல வேண்டும். தம்புள்ளையில் சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் அதிகாரியின் கேள்விகளை ஒரு மட்டையில் எழுதிக் கிளீனர் பொடியனிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள், அவனுக்கும் உதவும். கிழமைக்கு ஒரு தடவை உங்கள் சுற்றைத் தொலைபேசியில் பதிந்து மைத்துனருக்கு அனுப்பி, எங்கே விளங்கவில்லை என்று கேளுங்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது படிப்பு வேண்டாம். முதல் மாதம் வண்டியைச் சுற்றுவதற்கு மட்டும் போகட்டும், இரண்டாம் மாதம் கொழுவலும் எயார் பிறேக்கும், மூன்றாம் மாதம் பலகைகளும் அதிகாரியும் களஞ்சியமும். நாளுக்கு அரை மணிநேரம் ஒழுங்காகச் செய்தால் அந்த நேர்முகத்தை மறுபடி சந்திக்கலாம்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ் வேறு விடயம். அது குடிவரவு விண்ணப்பத்துக்குக் கேட்கும் பொது ஆங்கிலச் சோதனை. அதில் ஃபிஃப்த் வீல் வராது. அதில் நல்ல புள்ளி எடுத்தவரும் எயார் பிறேக் சோதனையில் வாயடைத்து நிற்கலாம். நீங்கள் போகும் வழி எது என்று தெரியும் முன் வகுப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம். தேவைப்பட்டால் குடிவரவுக்குரியது ‘ஜெனரல் ட்ரெயினிங்’ பிரிவு. ‘அக்கடமிக்’ என்று சேர்க்கப் பார்க்கும் வகுப்புக்குப் போகாதீர்கள்.

இப்போதே தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் எந்த ஆண்டிலிருந்து எந்த வகுப்பு வாகனம் ஓட்ட அனுமதி பெற்றவர் என்பதை உறுதிப்படுத்தும் கடிதத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஆங்கிலத்தில் எடுங்கள். ஒன்ராறியோவில் 12 மாதத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு ஓட்ட அனுபவத்தைக் கணக்கில் சேர்க்க, அனுமதிப்பத்திரம் கொடுத்த நாட்டின் எழுத்துமூல உறுதி கேட்பார்கள். அது கையில் இருந்தால் ‘ஜி’ சோதனைக்கான காத்திருப்புக் காலம் குறையும். போன பிறகு இங்கே ஆள் வைத்து எடுப்பது பெரிய அலைச்சல். பெயரின் ஆங்கில எழுத்துக்கள் கடவுச்சீட்டிலும் கடிதத்திலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று, கருமபீடத்தை விட்டு வெளியே வர முன்னம் பாருங்கள்.